பழைய ஜிடிஐ-யை மாற்றும் நேரம்: குட்டி வண்டி தேடும் டர்பன்காரர்களின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று எங்கே போனாலும் நம்மவர்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபோ போலோவோ நிற்கும். அவற்றின் வேகமான வகைக்குப் பேர் ஜிடிஐ. அதை மாற்றும் நேரம் வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். கல்யாண மண்டப வாசலில் கேட்பார்கள், காவடி அன்று சாப்பாட்டு வரிசையில் கேட்பார்கள், நடுராத்திரி வாட்ஸாப்பிலும் கேட்பார்கள். எல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, பதிலையும் எழுதிவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை, வண்டி விற்பவனும் இல்லை. வண்டிப் பைத்தியம், அவ்வளவுதான்.

"அண்ணே, ஹாட் ஹேட்ச்னு எதைத்தான் சொல்றீங்க? ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரா?"

இல்லை. மளிகை வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் செய்த சாதாரணக் குட்டி வண்டியில் கொஞ்சம் பெரிய என்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் வைத்தால் அதுதான் ஹாட் ஹேட்ச். 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐதான் இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1.6 லிட்டர் என்ஜின், பலம் 81 கிலோவாட், எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வண்டிகள் மீது நம் ஊருக்கு உள்ள பாசத்துக்குக் காரணம் உண்டு. மற்ற நாடுகள் அடுத்த கோல்ஃபுக்குப் போன பிறகும், முதல் கோல்ஃபின் உடலையே சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை யுட்டன்ஹேக் ஆலையில் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரின் பெயர் இன்று கரியேகா. இன்றைய போலோவும் அங்கேதான் உருவாகிறது. அதனால் உதிரி பாகமும் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் தெருவுக்குத் தெரு கிடைத்தார்கள். ஓப்பல் கடெட் சூப்பர்பாஸா, கோல்ஃப் ஜிடிஐயா என்று 1990-களில் தொடங்கிய சண்டையை மாமாக்கள் இன்னும் முடிக்கவில்லை.

"என் கோல்ஃப் 5 ஜிடிஐ ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. இன்னும் செலவு பண்ணலாமா, தள்ளிவிடலாமா?"

முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். என்ஜினில் வரும் கோளாறுக்கு ஒரு விலை சொல்ல முடியும். துருவுக்கு முடியாது. டர்பனின் உப்புக்காற்றில் வளர்ந்த வண்டி என்றால் கதவுக்குக் கீழே உள்ள சில், பின் சக்கர வளைவின் உள்பக்கம், பேட்டரி உட்காரும் தட்டு, இந்த மூன்று இடத்திலும் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில்லில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் விற்றுவிடுங்கள், பாசம் வேண்டாம்.

உடல் சுத்தமாக இருந்தால் அடுத்தது என்ஜின். கோல்ஃப் 5-இன் 2.0 டர்போவில் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்புக்கும் கேம்ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. கேம் ஃபாலோயர் என்பார்கள். கட்டைவிரல் நுனி அளவுதான். அதன் முகத்தில் உள்ள கருப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிய ஆரம்பித்தால் உடனே மாற்ற வேண்டும். ஓட்டை விழும்வரை விட்டால் பம்பின் தண்டும் கேம்ஷாஃப்டும் சேர்ந்து போய்விடும். பாகம் மலிவு, பம்பைக் கழற்றினால் கண்ணால் பார்த்துவிடலாம். வண்டி வாங்கியதிலிருந்து இதை யாருமே திறந்து பார்க்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். கேம்ஷாஃப்டைச் சுழற்றும் கேம்பெல்ட்டை எப்போது மாற்றியது என்பதற்கு பில் இருக்க வேண்டும். "மாத்தியாச்சு, மாத்தியாச்சு" என்ற வாய்ச்சொல் கணக்கில் சேராது.

கோல்ஃப் 6 வைத்திருப்பவர்களுக்குப் பெல்ட் இல்லை, செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயின் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோல்ஃப் 7-இல் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டின் பெட்டியும் கசியும். கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

"புது வண்டிக்கு எத்தனை கிலோவாட் இருந்தா போதும்? இருக்கிறதை விடக் குறைஞ்சா பேஜாரா இருக்குமே?"

எல்லோரும் தவறான இடத்தில் பார்ப்பது இங்கேதான். உங்கள் கோல்ஃப் 5 ஜிடிஐ 147 கிலோவாட், எடை சுமார் 1,330 கிலோ. ஒரு டன்னுக்கு 110 கிலோவாட் வருகிறது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ வெறும் 103 கிலோவாட். கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அதன் எடை 970 கிலோதான். டன்னுக்கு 106 வருகிறது. டார்க், அதாவது இழுவிசை, கணக்கில் ஸ்விஃப்ட்தான் மேலே: 230 நியூட்டன் மீட்டர் என்றால் டன்னுக்கு 237. கோல்ஃபின் 280 டன்னுக்கு 210 ஆகிறது. மேலே சொன்ன முதல் ஜிடிஐ டன்னுக்கு ஏறக்குறைய 100 கிலோவாட்தான், அதை யாரும் மந்தம் என்று சொன்னதில்லை.

நிற்கும் இடத்திலிருந்து 100-ஐத் தொடுவதில் கோல்ஃப்தான் முந்தும், கோல்ஃப் சுமார் 7 விநாடி, ஸ்விஃப்ட் சுமார் 8. அந்த ஒரு விநாடிக்காக நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எடை குறைந்த வண்டிக்கு டயர் சிறிது, பிரேக் பேட் சிறிது, பெட்ரோல் குறைவு. வளைவில் மூக்கைத் திருப்பினால் உடனே திரும்பும். 180 கிலோவாட் வண்டி இரண்டாவது கியர் முடிவதற்குள் ஊருக்குள் உள்ள 60 வேக வரம்பை நன்றாகத் தாண்டிவிடும். அதற்கு மேல் அந்த வண்டிக்கு வேலையே இல்லை. குட்டி வண்டியில் மூன்று கியர் மாற்றி, முழு மிதி மிதித்து, சட்டத்துக்குள்ளேயே சந்தோஷப்படலாம். நான் எடையைப் பார்த்துத்தான் வண்டி சொல்வேன், கிலோவாட்டைப் பார்த்து அல்ல.

"கணக்கெல்லாம் சரி. நேரா சொல்லுங்க, எதை வாங்கணும்?"

செகண்ட் ஹேண்டில் பராமரிப்புப் புத்தகம் முழுமையாக உள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மேனுவல். 2019-இல் இங்கே வந்த 1.4 டர்போ மாடல். ஐந்து கதவு, டைமிங் செயின், சிக்கலில்லாத கட்டமைப்பு. குறை என்றால் உள்ளே பிளாஸ்டிக் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும், டிக்கி சின்னது. ஜிடிஐ இருக்கையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு முதல் வாரம் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரியும்.

இன்னும் சூடான வண்டி வேண்டும் என்றால் ஹூண்டாய் ஐ20 என். 150 கிலோவாட், 275 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல் மட்டும், எடை சுமார் 1,190 கிலோ. டன்னுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு நடுவே மெக்கானிக்கல் லிமிடட்-ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருப்பதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்சக்கரம் வீணாகச் சுற்றாது. சஸ்பென்ஷன் முரடு, பின்சீட்டில் மாமியாரை உட்கார வைத்தால் பேச்சு வாங்குவீர்கள்.

பணம் குறைவு, மூன்று கதவு போதும் என்பவர்களுக்கு ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, 134 கிலோவாட் மாடல். ஓட்டுவதில் இந்த மூன்றிலும் அதுதான் குறும்பு என்று எனக்குத் தோன்றும். ஆனால் வயதாகிவிட்டது. கூலன்ட் டாங்கின் அளவு குறைந்திருந்தாலோ, அதற்கு விற்பவர் சரியான காரணம் சொல்லாவிட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

"போலோ ஜிடிஐயை விட்டுட்டு சுசுகியா? ஃபீனிக்ஸ்ல மானம் போயிடுமே!"

போகட்டும்.

சரி, போலோ மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் போலோ ஜிடிஐ என்றால் எது என்று கேட்க வேண்டும். 1.4 லிட்டரில் டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்த்து வைத்த 132 கிலோவாட் மாடல் எண்ணெய் குடிக்கும், கூடவே ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதன் வகைகளைப் பின்னால் சொல்கிறேன்). அதன் பக்கம் போகாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். அதற்கு அடுத்து வந்த 1.8 டர்போ, 141 கிலோவாட், அதுதான் தேட வேண்டிய போலோ. அதிலும் மேனுவல். ஒரே என்ஜின்தான், மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள், டிஎஸ்ஜியில் 250-தான். அந்த டிஎஸ்ஜி தாங்கும் எல்லை அவ்வளவு என்பதால் என்ஜினைக் கட்டிப்போட்டார்கள். மேனுவல் அரிதாகத்தான் விற்பனைக்கு வரும், வந்தால் நிற்காது.

இப்போதைய 2.0 லிட்டர், 147 கிலோவாட், 320 நியூட்டன் மீட்டர். வேகமான, நிதானமான, நல்ல வண்டி. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு, ஜொஹானஸ்பர்க் அடிக்கடி ஓடுகிறவர்களுக்கு அதையே சொல்வேன். இங்கே அது டிஎஸ்ஜியில் மட்டும்தான் வருகிறது.

"மேனுவலா, டிஎஸ்ஜியா? வீட்டுக்காரியும் ஓட்டணும்."

வீட்டுக்காரி ஓட்டுவதால் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று யார் சொன்னது, அவரிடம் கேட்டீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரின் மனைவிதான் அந்த வீட்டில் நன்றாக கியர் போடுகிறவர்.

நீங்கள் தினமும் ஓட்டும் சாலைதான் முடிவு செய்ய வேண்டும். காலையில் ஹிக்கின்சன் ஹைவேயில் ஊர்ந்து, ஒவ்வொரு ரோபோவிலும் (டிராஃபிக் லைட்) நின்று போகிறவருக்கு இடது கால் நோகும். டிஎஸ்ஜி எடுக்கலாம். ஆனால் இரண்டு வகை உண்டு. ஏழு கியர் உள்ள சிறிய வகையில் கிளட்ச் எண்ணெய் இல்லாமல் ஓடும், ட்ரை கிளட்ச். நின்று நின்று ஊர்வது அதற்கு ஆகாது. மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவீர்கள். கோல்ஃப் 5, 6, 7 ஜிடிஐ-களில் வந்த ஆறு கியர் வகையில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும், வெட் கிளட்ச். அது திடம். ஆனால் ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றியதற்கு பில் கேளுங்கள்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் ஆட்டோமேட்டிக் டிஎஸ்ஜி போன்றது அல்ல. பழைய முறை டார்க் கன்வெர்ட்டர். சோம்பல், ஆனால் உழைக்கும்.

"நாங்க லெனேசியாவுல இருக்கோம். உங்க டர்பன் கணக்கு எங்களுக்குச் செல்லுமா?"

செல்லும், ஒரு திருத்தத்தோடு. லெனேசியா இருக்கும் ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்று மெலிவு. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் பலம் இழக்கும், ஆகவே உங்கள் ஊரில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டும். டர்பனில் நன்றாக ஓடுகிறது என்று டர்போ இல்லாத 1.6 ஒன்றை வாங்கி, வான் ரீனன் கணவாய் ஏறி வீட்டுக்குக் கொண்டுபோனால் அதே வண்டியா என்று சந்தேகம் வரும். மலைமேல் இருப்பவர்கள் டர்போ மட்டும் பாருங்கள்.

உங்கள் பக்கம் பம்பில் 93, 95 ஆக்டேன் பெட்ரோல் இரண்டும் கிடைக்கும். ஜிடிஐ வகை வண்டிகளுக்கு 95 ஊற்றுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"எங்க ஓட்டிப் பார்த்தா வண்டியோட குணம் தெரியும்?"

டீலர் கூட்டிப்போகும் வட்டத்தில் எதுவும் தெரியாது. ஷோரூமிலிருந்து நல்ல ரோடு, வலது, வலது, வலது, மறுபடி ஷோரூம். ஹில்கிரஸ்ட்டிலிருந்து பொத்தாஸ் ஹில், டிரமண்ட் வழியாக இன்சங்கா போகும் பழைய மெயின் ரோடு, ஆர்103, அதில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடும் பாதை அது. ஏற்றம், இறக்கம், கண் தெரியாத வளைவு, ஒட்டுப்போட்ட தார் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இறக்கத்தில் பிரேக் அதிர்கிறதா, மேடு பள்ளத்தில் பின்பக்கம் குதிக்கிறதா, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது உரசுகிறதா என்று கவனியுங்கள். சனி, ஞாயிறு காலையில் போகாதீர்கள், சைக்கிள்காரர்கள் நிறைய.

அவ்வளவு தூரம் விடமாட்டேன் என்று டீலர் சொன்னால் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி இறங்குங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். முழு வேகத்தைப் பார்க்க ஆசை என்றால் போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி ரேஸ்வே இருக்கிறது. எம்4 நெடுஞ்சாலையில் ராத்திரி பந்தயம் விடுகிற பையன்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

"ஹார்பர்ல ஜப்பான் வண்டி வரிசை வரிசையா நிக்குதே. ஒண்ணை மலிவா எடுத்துக்கலாமா?"

முடியாது. அந்தப் பழைய வண்டிகள் டர்பன் வழியாக அண்டை நாடுகளுக்குப் போகிறவை. தென்னாப்பிரிக்காவில் பழைய வண்டி இறக்குமதிக்குப் பொதுவாகத் தடை உள்ளது. குடிபெயர்ந்து வருகிறவர்கள், நாடு திரும்புகிறவர்கள் போன்ற சில விதிவிலக்குகளுக்கே அனுமதி கிடைக்கும். யாராவது "பேப்பர் நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு பழைய ஜப்பான் ஹோண்டா டைப் ஆரைக் காட்டினால், பேப்பரோடு சேர்த்து வண்டியையும் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

"டொயோட்டா ஜிஆர் யாரிஸ் எப்படி?"

பிரமாதம். 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர், முதலில் வந்தபோது 198 கிலோவாட், நாலு சக்கரமும் இழுக்கும், எடை 1,300 கிலோவுக்குள். ராலி வண்டி ஒன்றுக்கு நம்பர் பிளேட் மாட்டிக் கொடுத்த மாதிரி. ஆனால் அந்தப் பணத்துக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன வேறு இரண்டு வண்டிகள் வாங்கலாம். யாரிஸின் பின்சீட்டில் ஆள் உட்காரவும் முடியாது. பணம் இருப்பவர் என்னிடம் கேட்கவே தேவையில்லை.

"என் மகனுக்குப் பத்தொன்பது வயசு, லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம். போலோ ஜிடிஐதான் வேணும்னு அடம் பிடிக்கிறான். இன்சூரன்ஸை என் பேர்ல போட்டுக்கலாமா?"

வேண்டாம், அக்கா. பாலிசியில் 'ரெகுலர் டிரைவர்' என்று ஒரு இடம் இருக்கும். தினமும் ஓட்டுவது மகன், எழுதியிருப்பது அம்மா பேர் என்றால், விபத்து நடந்த அன்று கம்பெனி விசாரிக்கும், பணம் தர மறுக்கும். கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும். உண்மையை எழுதிக் கேட்டால் மாதப் பிரீமியம் எவ்வளவு வரும் என்று வண்டி வாங்கும் முன்பே மூன்று நான்கு இடத்தில் விலை கேளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் தானாகவே இறங்கி வருவார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கையிலிருந்து கட்டும் தொகை, தனியாகக் கூடும்.

போலோ இங்கே திருடர்களுக்கும் பிடித்த வண்டி. பல கம்பெனிகள் டிராக்கர் இல்லாமல் பாலிசியே தரமாட்டார்கள். அதன் மாதக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். முதல் வண்டிக்கு டர்போ இல்லாத சாதாரண ஸ்விஃப்ட் போதும். மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

"டீலர்கிட்ட வாங்கலாமா, ஆள்கிட்ட நேரா வாங்கலாமா?"

நேராக வாங்கினால் மலிவு. டீலரிடம் வாங்கினால் பாதுகாப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலாக விற்பவரிடம் வாங்கிய வண்டியில் ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் சரிசெய்து கேட்கலாம், மாற்றிக் கேட்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சாதாரணத் தேய்மானத்துக்கும், முன்பே சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்ட குறைக்கும் இது பொருந்தாது. டீலர் மழுப்பினால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம்.

தனி ஆளிடம் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இருப்பது இருக்கும்படி ஏற்றுக்கொண்டதாகிவிடும். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டுமே வழி. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே டெக்ராவிலோ ஏஏ-விலோ வண்டியைச் சோதிக்கக் கொடுங்கள். பதிவுச் சான்றில் 'டைட்டில் ஹோல்டர்' என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பணத்தை ஆளிடம் கொடுக்காதீர்கள், வங்கியிடம் செட்டில்மெண்ட் தொகை கேட்டு அங்கேயே கட்டுங்கள். சொந்தக்காரர்தானே என்று இதை விடாதீர்கள். சொந்தக்காரரிடம் வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் புலம்புகிறார்கள்.

"பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்கணும்? எனக்கு என்ஜின் பத்தி ஒண்ணும் தெரியாது."

தெரியாவிட்டாலும் பார்க்கலாம். போகும் முன் போன் செய்து "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். மேலே கோல்ஃப் 6-க்குச் சொன்ன கடகட சத்தம் குளிர்ந்த என்ஜினில்தான் கேட்கும். ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

பிறகு நாலு டயரையும் பாருங்கள். நாலும் ஒரே கம்பெனியா? கவனித்து வளர்த்தவர் நாலு விதமான மலிவு டயர் போட்டிருக்க மாட்டார். முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி, டயரின் உள்விளிம்பில் கையை ஓட்டுங்கள். வெளிப்பக்கம் புதிதாகவும் உள்பக்கம் மொட்டையாகவும் இருந்தால் வண்டியைத் தாழ்த்தி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது குழியில் விட்டிருக்கிறார்கள். ரிம்மின் உள்விளிம்பில் வளைவு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். துருவுக்கான இடங்களை இரண்டாவது கேள்வியில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஏர் ஃபில்டர் பெட்டி. கம்பெனிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கூம்பு வடிவ ஃபில்டர் இருந்தால், அல்லது அந்தப் பெட்டியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால், யாரோ விளையாடியிருக்கிறார்கள். விற்கும் முன் பழையபடி மாட்டிவைப்பார்கள், ஸ்க்ரூ மட்டும் கதை சொல்லிவிடும்.

"ஸ்டேஜ் 1 போட்டா பணம் மிச்சம்தானே? ஸ்விஃப்ட்டை ஜிடிஐ ஆக்கிடலாம்ல?"

மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டுவதுதான் ஸ்டேஜ் 1. நல்ல கையில் வேலை செய்யும். ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் பழைய அளவிலேயே இருக்கும். பிப்ரவரி மாத டர்பன் வெயிலில், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடாகிக் கூட்டிய பலம் மறுபடி குறைந்துவிடும். கம்பெனி வாரண்டி பறிபோகும். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்தால் அதுவும் போகலாம். சொல்லிவிட்டுச் செய்தால் பிரீமியம் ஏறும்.

அந்தப் பணத்துக்கு நல்ல டயர் ஒரு செட், பிரேக் பேட், புது ஷாக் வாங்குங்கள். வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

"வெளி மெக்கானிக்கிட்ட சர்வீஸ் பண்ணினா வாரண்டி போயிடுமா?"

போகாது. போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 1 ஜூலை 2021 முதல் நடைமுறையில் உள்ளன. வாரண்டி காலத்திலும் வெளியில் சர்வீஸ் செய்யலாம். வெளி மெக்கானிக்கின் வேலையால் ஏதாவது கெட்டால் அந்தப் பாகத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, அவ்வளவே. எந்த எண்ணெய், எந்த ஃபில்டர் போட்டார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

"பதினெட்டு இன்ச் வீல் போட்டாத்தான் அழகு. என்ன சொல்றீங்க?"

நம் சாலைகளில் உள்ள குழிகளுக்கு அழகு தெரியாது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 17 இன்ச்சில் வருகிறது, 195/45. அதுவே எல்லை. ஐ20 என் 18 இன்ச், 215/40, ரப்பர் சுவர் ஒரு சாண்கூட இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் விட்டால் டயரும் ரிம்மும் ஒன்றாகப் போகும். டயர்-ரிம் காப்பீடு என்று தனியாகக் கிடைக்கிறது, 18 இன்ச் எடுப்பவர்கள் விசாரியுங்கள்.

வண்டியைத் தாழ்த்துவதும் அப்படியே. கோயில் வாசலில் பூசை போட்டு எலுமிச்சம்பழம் மேல் ஏற்றும்போது முன் பம்பர் இடித்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பலூன் பேமெண்ட் வெச்சா மாசத் தவணை குறையுதே. அப்படியே ஜிடிஐ 8 எடுத்துடலாமா?"

புதுக் கோல்ஃப் ஜிடிஐ எட்டு லட்சம் ராண்டைத் தாண்டிவிட்டது. அதில் 30 சதவீதம் பலூன் என்றால் ஆறு வருடம் தவணை கட்டிய பிறகும் இரண்டரை லட்சத்துக்குப் பக்கம் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அந்தத் தொகைக்கும் ஆறு வருடம் வட்டி கட்டியிருப்பீர்கள். அந்த நாளில் வண்டியின் சந்தை விலை அதைவிடக் குறைந்திருந்தால் விற்கவும் முடியாது. பலூன் இல்லாமல் தவணை கட்ட முடியாத வண்டி உங்கள் வண்டி இல்லை.

"எலக்ட்ரிக்ல குட்டி வண்டி வந்துடுச்சே?"

வேகம் வேண்டுமானால் வால்வோ இஎக்ஸ்30 இருக்கிறது. இரட்டை மோட்டார் மாடல் 100-ஐ 3.6 விநாடியில் தொடும், இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அதன் பக்கத்தில் வராது. ஆனால் மூன்றாவது கேள்விக்கு நான் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: பேட்டரி கனம். வீட்டில் சோலார் போட்டவர்களுக்குச் செலவுக் கணக்கு நன்றாக வரும். சந்தோஷக் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டு, நல்ல சிட்டி கோல்ஃப் ஒண்ணை வாங்கிச் சரிபண்ணி தினமும் ஓட்டினா?"

மனசு சொல்வது புரிகிறது. எடை விஷயத்தில் நான் சொன்ன எல்லாம் அந்த வண்டிக்குப் பொருந்தும். ஆனால் அதில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை வைத்து தினமும் ஓட்டும் வண்டி அது அல்ல. ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளையும் பெட்ரோல் மூடியைச் சுற்றியும் துரு பாருங்கள். திருடர்கள் சுலபமாகக் கதவைத் திறந்துவிடும் வண்டி, வீட்டுக்குள் நிறுத்த இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

"பழைய ஜிடிஐயை விக்க மனசு வரலை. புதுசு வாங்கிட்டு அதையும் வெச்சுக்கலாமா?"

துரு இல்லை, நிறுத்த நிழல் இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது என்றால் வைத்துக்கொள்ளலாம். டீலர் எக்ஸ்சேஞ்சில் தரும் விலை எப்படியும் மனசை நோகடிக்கும். ஓட்டாமல் நிறுத்தி வைப்பது வண்டிக்கு ஆகாது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைப்பது அதைவிட மோசம், எண்ணெயில் ஈரம் சேரும். எடுத்தால் அரை மணி நேரம் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இது இரண்டாவது வண்டி, குறைவாகத்தான் ஓடும் என்று சொன்னால் பிரீமியம் குறைய வாய்ப்பு உண்டு. லைசென்ஸ் டிஸ்க்கை மட்டும், வண்டி கராஜை விட்டு நகராவிட்டாலும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விட்டால் அபராதம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும், பிறகு விற்க நினைக்கும்போது மொத்தமாகக் கட்டாமல் பேர் மாற்ற முடியாது.